கசிவுக்குச் செலவு, துருவுக்குப் பூச்சு

பதினைந்து வயதைத் தொட்ட ஒரு ஸ்கார்ப்பியோவோ சஃபாரியோ பட்டறைக்குள் வந்ததும் வேலை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இன்ஜின் அடியில் சொட்டும் ஆயிலில்தான் தொடங்கும். போர்டிகோ தரையில் விழுந்த கறை வண்டிக்காரர் கண்ணை உறுத்துகிறது. அதை நிறுத்த எவ்வளவு கேட்டாலும் பெரிதாகப் பேரம் பேசாமல் தருகிறார். அதே வண்டியின் சேஸுக்குள் துரு தகட்டைத் தின்றுகொண்டிருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அதற்குக் கிடைப்பதெல்லாம் எஃப்.சி.க்கு முந்தின நாள் அடிக்கும் ஒரு கை கறுப்புப் பூச்சு. இந்த வரிசை தலைகீழானது. பழைய எஸ்.யு.வி.யைச் செப்பனிடும் நம் வழக்கத்தில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் முறைமைக்குத்தான். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

எடைபோடும் அளவுகோல்கள் மூன்று. செய்த வேலை காரணத்தைக் கண்டடைந்ததா, அல்லது விளைவை மட்டும் மூடியதா? நாளை இன்னொரு மெக்கானிக் வந்து அதைச் சோதிக்க இடம் விட்டிருக்கிறதா? செலவு ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்கிறதா? இந்த மூன்றில் முதலாவதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதைத்தான் நம் பட்டறைகள் அதிகம் மீறுகின்றன. மூன்றாவதை வண்டிக்காரர்களே மீறுகிறார்கள்.

1998ல் வந்த சஃபாரி, 2000ல் வந்த பொலேரோ, 2002ல் வந்த ஸ்கார்ப்பியோ, மறைமலை நகரில் உருவான முதல் எண்டேவர், திருவள்ளூரில் உருவான பஜேரோ என நம் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய எஸ்.யு.வி.களின் எலும்பு ஒன்றே: தனிச் சேஸ், அதன்மேல் ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்ட பாடி. இந்த அமைப்பு பழுது பார்ப்பவருக்கு ஒரு சலுகை தருகிறது, ஒரு கண்டிப்பும் வைக்கிறது. பாடித் தகடு துருப்பிடித்தால் வெட்டி ஒட்டலாம். வண்டியின் பலம் குறையாது. சேஸ் துருப்பிடித்தால் மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் அர்த்தமில்லை.

முதலில் கசிவை எடுத்துக்கொள்வோம். நம்மவர்களின் பெருந்திறமையும் பெருங்குறையும் ஒருசேரத் தெரியும் இடம் அதுதான்.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “ரியர் சீல் போயிருச்சு சார், கியர் பாக்ஸை இறக்கணும்” என்ற தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இன்ஜினின் பின்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே ஈரம் இருப்பதும் உண்டு. டாப் கவர் பேக்கிங்கின் பின்மூலை காய்ந்து வெடித்திருக்கும். அங்கிருந்து ஆயில் பிளாக்கின் முதுகில் வழிந்து, பெல் ஹவுசிங் விளிம்பில் தேங்கி, ரியர் சீலின் குற்றம்போலக் கீழே சொட்டும். முதல் தீர்ப்பின்படி போனால் கியர் பாக்ஸ் இறங்கும், கிளட்ச் பிளேட்டும் கூடவே மாறும், பெரிய பில் வரும். இரண்டாவதன்படி ஒரு பேக்கிங்கும் அரைநாள் வேலையும் போதும். ஆயில் கீழ்நோக்கி ஓடும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்புறப் புள்ளிதான் மூலம். இதை அறியாத மெக்கானிக் இல்லை. அறிந்தும் அதன்படி நடக்காததுதான் குறை.

நடப்பது என்றால் என்ன? இன்ஜினை டீகிரீசர் போட்டுக் கழுவ வேண்டும், ஊதிக் காயவைக்க வேண்டும். சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவந்து பார்த்தால் வெள்ளையில் ஓடும் கறுப்புக் கோடு மூலத்தைக் காட்டிக்கொடுக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கடியில் பார்க்கலாம். கூலன்ட் கசிவுக்கு ரேடியேட்டர் வாயில் பம்ப் வைத்து, மூடியில் அச்சிட்ட அழுத்தம்வரை ஏற்றி முள் இறங்குகிறதா என்று கவனிக்கலாம். எதுவும் அரிய கருவி அல்ல. அனுபவமுள்ள கை மணத்தையும் நிறத்தையும் வைத்தே பாதி கண்டுபிடித்துவிடும் என்பதை நான் மறுக்கவில்லை; அந்தத் திறனுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஊகம் எவ்வளவு கூர்மையானாலும் சான்றின் இடத்தை அது நிரப்பாது. அடுத்தவர் பணத்தில் கியர் பாக்ஸை இறக்குபவர் சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

மூலம் தெரிந்தபின்னும் ஒரு கேள்வி மிச்சம்: சீல் ஏன் விட்டது? வயதில் ரப்பர் இறுகியதாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அதை நம் பட்டறைகள் அடிக்கடி தவறவிடுகின்றன. லட்சக்கணக்கில் ஓடிய டீசல் இன்ஜினில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாயு கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்றும் பிரீதர் குழாய் கசடால் அடைத்துக்கொண்டால், உள்ளே ஏறும் அழுத்தம் பலவீனமான சீலைத் தேடி ஆயிலைப் பிதுக்கும். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுவது அதன் அடையாளம். அந்த நிலையில் புதிதாகப் போட்ட சீல் சில மாதங்களில் மறுபடி நனையும். சீலைப் பழிப்பதில் பயனில்லை. ஓர் அடைப்பை நீக்காமல் மூன்று சீல்களை மாற்றுவது கைவேலையில் முழு மதிப்பெண்ணும் நோய்க்குறிப்பில் பூஜ்யமும் வாங்கும் வேலை.

பின் அச்சிலும் இதே கதை. டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் மேலிருக்கும் சிறு பிரீதர் சேற்றால் அடைபட்டால், சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஆயிலை ஆக்சில் சீல் வழியே பிரேக் டிரம்முக்குள் தள்ளுகிறது. சீலை மாற்றிவிட்டு, ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவதை இன்றும் காண்கிறோம். ஊறிய லைனிங் ஊறியதுதான்; சூடேறும்போது ஆயில் மேலே வரும். அங்கே சிக்கனம் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சீல் மாற்றும் கைவேலையிலும் தரம் பிரிகிறது. பழைய சீலின் உதடு கிராங்க் ஷாஃப்டில் ஆண்டுக்கணக்கில் உரசி ஒரு மெல்லிய பள்ளம் போட்டிருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். புதுச் சீலை அதே ஆழத்தில் அடித்தால் அதன் உதடு அதே பள்ளத்தில் விழும். நல்ல கைகாரர் சீலை அரை மில்லிமீட்டரோ ஒன்றோ முன்பின் தள்ளி, தேயாத இடத்தில் உட்காரவைப்பார். பள்ளம் ஆழமானால் ஷாஃப்டின் மேல் மெல்லிய எஃகு உறையை ஏற்றுவார். வெளியே தெரியாத இந்த ஒரு மில்லிமீட்டர்தான் ஆறு மாத வேலைக்கும் ஆறு வருட வேலைக்கும் இடையே உள்ள தூரம். இப்படிப்பட்டவர்கள் நம் ஊர்ச் சிறு பட்டறைகளில் இருக்கிறார்கள். பெரிய ஷோரூம் சர்வீஸ் பலகையைப் பார்த்து மயங்குபவர்கள் அவர்களைத் தேடிப் போவதில்லை.

சிலிக்கான் பசை, பட்டறைப் பேச்சில் அனபாண்ட், தனி மதிப்பீடு கோருகிறது. தயாரிப்பாளரே பேக்கிங் இல்லாமல் பசையில் ஒட்டச் சொன்ன சம்ப்புக்கு அது சரியான பொருள்; பரப்பைச் சுத்தமாகச் சுரண்டி, ஒரே சீரான மெல்லிய கோடாக இட்டு, காய நேரம் கொடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த பேக்கிங்கின் மேலும், வெளி விளிம்பிலும் விரலால் அப்புவதுதான் சீரழிவு. வெளியே பிதுங்கிய பசை உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் ஸ்ட்ரெயினரில் போய்ச் சிக்கினால் ஆயில் அழுத்தமே குறையும். ஒரு சொட்டை நிறுத்த இன்ஜினையே பணயம் வைத்த கதையாகிவிடும்.

ஊற்றினால் கசிவு நிற்கும் என்று விற்கும் திரவங்களையும், லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் போடும் மஞ்சள்தூளையும், டீசல் டேங்க் விரிசலில் தேய்க்கும் துணிசோப்பையும் ஒரே தட்டில் வைக்கிறேன். இரவில், பட்டறை எதுவும் இல்லாத சாலையில், அடுத்த ஊர் சேர அவை உதவும். அந்த அளவில் சோப்பு ஒரு நேர்த்தியான கண்டுபிடிப்பு, அதைக் கேலி செய்வது மேட்டிமை. ஊர் சேர்ந்தபின்னும் அதையே தீர்வாக வைத்திருப்பதுதான் பிழை. துகள் ரேடியேட்டரின் ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை. நல்ல குழாய்களையும் அடைக்கும். ரப்பரை ஊதவைக்கும் ஆயில் மருந்து இறுகிய சீலைக் கொஞ்ச காலம் மென்மையாக்கும். தேய்ந்த உதட்டை அது வளர்க்காது.

இனி மூன்றாவது அளவுகோல். எல்லாக் கசிவும் சமமல்ல. பிரேக் ஆயிலில் ஒரு சொட்டு குறைந்தாலும் வண்டி நிற்க வேண்டும். அதில் விவாதமே கிடையாது. அடுத்தது கூலன்ட்: ஒரு முறை கொதித்தால் ஹெட் வளைந்து பேக்கிங் போகும். பிறகு டீசல், ஸ்டீயரிங் ஆயில். இன்ஜின் ஆயில் மெல்லக் கசிவதுதான், கேஜைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தால், இவற்றில் மிகச் சாது. டர்போவின் பக்கமோ சூடான சைலன்சர் குழாயின் மேலோ சொட்டினால் மட்டும் அது சாது அல்ல, தீ. மிகச் சாதுவான கசிவுக்கு மிக அதிகப் பணம் போகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

கசிவும் துருவும் இரண்டு வேலைகள் என்ற எண்ணத்தையும் இங்கே கேள்வி கேட்க வேண்டும். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிப் பழகிய வண்டியில், பிளாக்கின் பக்கவாட்டிலிருக்கும் கோர் பிளக்குகள் உள்ளிருந்தே துருப்பிடித்து ஊசித்துளை விடுகின்றன. வெளியே தெரிவது கசிவு, நோய் துரு. வெளியே ஒட்டுப் போடுவது வீண்; பிளக்குகளை மாற்றி, உள்ளே அலசி, சரியான கூலன்ட்டை வாலை வடிநீரில் கலந்து ஊற்றுவதே வேலை. சேஸ் ஓரமாக ஓடும் பிரேக் குழாயில், கிளிப்புக்கு அடியில் சேறு தங்கும் இடத்தில் துரு குழாயைத் தின்று கசிவாக முடிகிறது. பிரேக் ஆயில் கசிந்தால் அது பெயிண்டைக் கரைத்துத் தகட்டை வெறுமையாக்கி அங்கே துருவைத் தொடங்கிவைக்கிறது. மாறாக, இன்ஜின் ஆயில் வழிந்து அழுக்கேறிய கிராஸ் மெம்பரைச் சுரண்டிப் பார்த்தால் கீழே இரும்பு புதிதுபோல இருக்கும். போர்டிகோவைக் கறையாக்கிய அதே கசிவு சேஸின் அந்தப் பகுதியைக் காத்திருக்கிறது.

கசிவுகளின் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று தண்ணீர். ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்தால் நீர் முன் சீட்டுக் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். கண்ணாடி பீடிங் காய்ந்தால் மழை உள்ளே வரும். கார்ப்பெட்டுக்குக் கீழிருக்கும் ஸ்பாஞ்ச் அதை மாதக்கணக்கில் பிடித்துவைத்துத் தரைத் தகட்டை மேலிருந்து அரிக்கும். பழைய எஸ்.யு.வி. வாங்கப் போகிறவர் இன்ஜினைத் திறப்பதற்கு முன் கார்ப்பெட்டின் மூலையைத் தூக்கிக் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

துருவுக்கு வருவோம். இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு; உப்பு சேர்ந்தால் அதன் வேகம் பன்மடங்கு. ஆகவே ஒரே வயதுள்ள இரண்டு ஸ்கார்ப்பியோக்களில் ஒன்று டி.என். 38, மற்றது டி.என். 69 என்றால் அவை இரண்டு வேறு வண்டிகள். கோயம்புத்தூரில் வாழ்ந்தது சேஸை வைத்திருக்கும். தூத்துக்குடியில் உப்பளக் காற்றில் வாழ்ந்ததைச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். நாகப்பட்டினத்தின் 51க்கும் ராமநாதபுரத்தின் 65க்கும் அதே எச்சரிக்கை. உப்பைக் கழுவ வாட்டர் வாஷ் போடுவது சரியான எண்ணமே. ஆனால் கடலோரத்துப் போர் தண்ணீரே உவர்ப்பானால், கழுவுவது உப்பைச் சேஸின் இண்டுஇடுக்குகளுக்குள் அழுத்தத்தோடு ஏற்றுவதாக முடியும்.

அடுத்தது கறுப்புப் பூச்சு. என் கண்டனம் முழுவதும் அந்தப் பொருளின் மீதல்ல, பயன்படுத்தும் முறையின் மீது. புதுத் தகட்டில், எண்ணெய்ப் பசையும் ஈரமும் நீக்கி, எப்பாக்சி பிரைமர் போட்டு, அதன்மேல் அடித்த அடிப்பூச்சு கல்லடியைத் தாங்கும், ஆண்டுகள் நிற்கும். நம் வழக்கமோ காலையில் வாட்டர் வாஷ், மதியம் பூச்சு. துருச் செதில்களுக்குள் ஈரம் இருக்கும்போதே மேலே ரப்பர் போர்வை விழுகிறது. உள்ளே துரு தொடர்கிறது; துருவின் பருமன் அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு என்பதால் போர்வை உப்பி, விளிம்பில் பிரிந்து, அந்தப் பிளவில் மேலும் நீரை வாங்கிக்கொள்கிறது. சேஸின் அடியில் நீர் வடிய வைத்த துளைகளையும் பூச்சு மூடிவிடும். எல்லாவற்றையும்விட, அடுத்துப் பார்ப்பவரின் கண்ணை அது கட்டிவிடுகிறது. என் இரண்டாவது அளவுகோலில் இதைவிடப் படுதோல்வி அடைந்த வேலை வேறில்லை. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏறியது. அதற்காக வண்டியைத் தயார் செய்பவர்கள் கட்டணத்தையும் பூச்சையும் ஒரே செலவாக எழுதிக்கொள்கிறார்கள். கண்ணால் மட்டும் பார்க்கும் சோதனையில் புதுப் பூச்சு தேறிவிடும். ஆகவே அடியெல்லாம் புத்தம்புதுக் கறுப்பாக இருக்கும் பழைய எஸ்.யு.வி.யை விற்பனைக்குக் கண்டால், அதை நிறையாக அல்ல, கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூச்சுக்கு அடியில் இருப்பதை அறிய வழி சுத்தியல். சிறு சுத்தியலால் சேஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று எதிரொலிக்கும். அரித்த தகடு மொத்தையாக ஒலிக்கும். அந்த இடத்தில் தடித்த ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் சில வண்டிகளில் அது நேராக உள்ளே இறங்கும். பழுப்புத் தூள் கையில் கொட்டும். ஸ்டீயரிங் பாக்ஸ் அமரும் இடம், முன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் பிடிக்கும் இடம், பின் வீல் மேலே சேஸ் வளையும் இடம் ஆகியவற்றில் இப்படி இறங்கினால் மேற்கொண்டு மதிப்பிட ஒன்றும் மிச்சமில்லை.

துருமாற்றித் திரவங்கள் நேர்மையான பொருள்கள்; அவற்றை விற்கும் விதம்தான் மிகை. பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ மெல்லிய, பற்றிய துருவோடு வினைபுரிந்து நிலையான அடுக்காக மாற்றும். கம்பி பிரஷால் செதில்களை உதிர்த்தபின்னே அடிக்க வேண்டும், மேலே பெயிண்ட் போட்டே தீர வேண்டும். தடித்த செதிலின் மேல் அடித்தால் மேல்தோல் மட்டும் கறுக்கும். இழந்த இரும்பை எந்தத் திரவமும் திருப்பித் தராது.

வெல்டிங்கில் நம் டிங்கரிங்காரர்களின் கலை உச்சம் தொடுகிறது. விதி அறியாத இடத்தில் அதே கலை ஆபத்தாகிறது. வீல் ஆர்ச், ஃபுட்போர்டுக்கு மேலுள்ள சில், தரைத் தகடு ஆகியவற்றை நல்ல இரும்புவரை வெட்டி, புதுத் தகட்டை வடிவாக வளைத்துப் பற்றவைப்பதில் அவர்களுக்கு இணை அரிது. வெட்டாமல் ஓட்டையின் மேல் தகட்டை வைத்துப் பட்டி பார்த்து மூடுவது வேறு வகை. அது கறுப்புப் பூச்சின் அண்ணன். சேஸுக்கு விதி இன்னும் கடுமை. ஒட்டும் தகட்டின் முனையைச் சேஸுக்குக் குறுக்கே நேராக வெட்டிப் பற்றவைத்தால் சுமை அத்தனையும் அந்த ஒரு கோட்டில் குவிந்து, பின்னாளில் விரிசல் அங்கேயே விழும். முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும். மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கு வெல்டைத் தவிர்க்க வேண்டும். பற்றவைத்த சூட்டில் உட்புறப் பெயிண்ட் எரிந்திருக்கும். உள்ளே மெழுகு பாய்ச்சாமல் விட்டால் புது வெல்டின் முதுகிலிருந்தே அடுத்த துரு தொடங்கும். இந்தக் கடைசிப் படியை மறக்காத பட்டறைகள் சொற்பம்.

ஒப்பிட ஓர் அளவை வெளியிலிருந்து எடுக்கலாம். பனிக்கால உப்புச் சாலைகளில் ஓடிய டகோமா, டன்ட்ரா பிக்கப்புகளும் சீக்வோயா எஸ்.யு.வி.யும் சேஸ் துருவால் ஓட்டை விழுந்த வழக்கில், டொயோட்டா 2016ல் அமெரிக்காவில் சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணிக்கப்பட்டது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. அந்நிறுவனத்தின் சேஸ் சோதனைகளில் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஓட்டை கண்டால் ஒட்டுப் போடுவதில்லை, சேஸையே மாற்றினார்கள். அளக்கக்கூடிய எல்லைக்கோடு என்பது இதன் நிறை. ஓட்டை விழும் முன்பே தகடு பாதியாக மெலிந்திருக்கலாம் என்பது இதன் குறை. எனினும் நம்மிடம் எந்தக் கோடும் இல்லாத நிலையில் அந்தப் பத்து மில்லிமீட்டரை நாம் கடன் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

தீர்ப்பு இதுதான். சுத்தியல் முதலில், மற்றதெல்லாம் பிறகு. சேஸ் தோற்றால் ரியர் சீலுக்குக் கியர் பாக்ஸை இறக்காதீர்கள். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பாகங்களாக விற்றுவிட்டு வண்டியை விட்டுவிடுங்கள். சேஸ் தேறினால் பிரேக் குழாய்களும் கோர் பிளக்குகளும் ஏ.சி. வடிகுழாயும் அடுத்து. அதன்பின் செதில் உதிர்த்து, துருமாற்றி, எப்பாக்சி பிரைமர், பெயிண்ட் என வெளிப்புறம். வடிதுளைகளைத் திறந்து, நீளக் குழாய் முனையால் சேஸின் உட்புறம் முழுக்க மெழுகு எண்ணெய். இந்தக் கடைசி வேலைக்கு ஆகும் செலவு கியர் பாக்ஸை ஒரு முறை இறக்கி ஏற்றும் கூலியை ஒட்டியதுதான். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் தொட்டுவிட்டால் போதும். இன்ஜின் ஆயில் கசிவைக் கடைசியில் வையுங்கள். பிரீதரைச் சுத்தம் செய்து, பவுடர் தூவி மூலத்தைப் பார்த்து, டாப் கவர் பேக்கிங்கோடு நின்றால் நல்லது. உண்மையிலேயே ரியர் சீல்தான் என்றால், கிளட்ச் பிளேட் தேய்ந்து கியர் பாக்ஸ் எப்படியும் இறங்கும் நாள்வரை அது காத்திருக்கலாம்; அதுவரை போர்டிகோவில் ஓர் அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.